தலைக்கு விட்ட ஓட்டை

பொருட்காட்சித் திடல்களில் நெடுங்காலமாக நின்றுவரும் ஒரு பலகையைப் பற்றி இங்கே சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம். ஆளுயர ஒட்டுப்பலகை. அதன்மீது எனாமல் வண்ணத்தில் ஓர் உருவம். குதிரை மேல் அமர்ந்த அரசன், குடம் சுமக்கும் பெண், தொப்பை பெருத்த காவலர், தண்டால் எடுக்கும் பயில்வான், இப்படி எதுவாகவும் இருக்கலாம். உடை, அணிகலன், மீசை முறுக்குவதற்குத் தூக்கிய கை எல்லாம் வரைந்திருப்பார்கள். முகம் மட்டும் இராது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. பலகைக்குப் பின்னால் போய் நின்று அந்த ஓட்டையில் தலையை நுழைத்தால், முன்னால் நிற்பவர் படம் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் ஊர்ப்பக்கத்தில் இதையும் ‘கட் அவுட்’ என்றுதான் சொல்வார்கள். திரையரங்கு வாசலில் நிற்கும் நாயகனின் கட் அவுட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சிறியதுதான்: அதில் தலை மிகப் பெரிதாக இருக்கும், இதில் தலையே இருக்காது.

இலக்கியம் பேசும் நண்பர்களிடையே இந்த மலிவான வேடிக்கைக்கு என்ன இடம் என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். ஒரு தலை, தனக்கு உரியதல்லாத ஓர் உடலின் மேல் வந்து அமர்வதைப் பற்றி நம் நாட்டில் கதைகளும் வழிபாடுகளும் உண்டு. அவற்றுள் ஒன்று எங்கள் வட்டாரத்திலேயே ஆண்டுதோறும் நடக்கிறது. அதைச் சொல்வதற்கு இந்தப் பலகை வழியாகச் செல்வதே எளிது என்று தோன்றியது.

‘நாங்கள்’ என்பது இங்கே மூவரைக் குறிக்கும். ஓர் அண்ணன், ஒரு தங்கை, கடைசியாக ஒரு தம்பி. மூவரும் ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவர்கள். அப்பா அவ்வூர்த் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். 2019ஆம் ஆண்டு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஊர் நின்ற இடத்திலேயே நிற்க, தலைநகர் மட்டும் மாறியது. ஆயினும் ‘டவுனுக்குப் போகிறோம்’ என்றால் அம்மாவுக்கு இன்றும் அது வேலூர்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறையில் வேலூருக்கு வந்திருந்த பொருட்காட்சிக்கு அப்பா எங்களை அழைத்துச் சென்றார். பேருந்தில் ஐம்பது கிலோமீட்டர். இராட்டினத்துக்கும் அப்பளக் கடைக்கும் இடையே மூன்று பலகைகள் நின்றன. யார் எந்த உடலுக்குள் போவது என்பதில் எங்களுக்குள் சண்டை மூண்டது. முடிவில் தங்கை குதிரை மேல் அரசன் ஆனாள். அண்ணன் இடுப்பில் குடம் வைத்த பெண் ஆனான். தம்பிக்குத் தலை எட்டவில்லை, பயில்வானின் கழுத்தில் அவனது முன்னுச்சி மயிர் மட்டும் தெரிந்தது. அப்பா விலகி நின்று சிரித்துக்கொண்டிருந்தார். படம் எடுப்பவர் விடவில்லை. “வாங்கண்ணே, சும்மா ஒரு தபா ராஜாவா நில்லுங்க. இதுக்குக் காசு வேணாம்” என்றார். அப்பா தயங்கித் தயங்கிப் பின்னால் போனார்.

அப்போதுதான் தம்பி அந்தப் பலகையின் மறுபக்கத்தைப் பார்த்தான். வண்ணம் பூசாத மரம், குறுக்குச் சட்டங்கள், ஆணிகள். கவிழ்த்துப் போட்ட ஒரு பழப்பெட்டியின் மேல் அப்பா முழங்காலைச் சற்றே மடக்கி, இரு உள்ளங்கைகளையும் பலகையில் ஊன்றி, கழுத்தை முன்னே நீட்டியபடி நின்றிருந்தார். சட்டையின் தோள்பட்டையில் தையல் விட்டிருந்தது. முன்பக்கத்தில் அரசன் வாளை உயர்த்திக்கொண்டிருந்தான்.

அந்தப் படம் இன்னும் எங்களிடம் இருக்கிறது. அதில் அப்பாவின் முகம் சிறிதும் சிரிக்கவில்லை. இது அவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. இத்தகைய படங்களைக் கூர்ந்து பார்த்தால், ஓட்டைக்குள் இருக்கும் முகம் பெரும்பாலும் எதையோ காத்திருப்பது போலவே இருக்கும். காரணம் எளியது. தனக்கு எந்த உடல் வாய்த்திருக்கிறது என்று அந்தத் தலையால் பார்க்க முடியாது. நுழைவதற்கு முன் பார்த்திருக்கலாம்; நுழைந்த பின் எதிரே நிற்பவர்களின் சிரிப்பைக் கொண்டுதான் அதை ஊகிக்க வேண்டும். வேடிக்கை முழுவதும் வெளியே இருப்பவர்களுக்குச் சொந்தம். உள்ளே இருப்பவருக்குச் சொந்தமானது ஒன்றே ஒன்று: வேண்டியபோது தலையை வெளியே இழுத்துக்கொள்ளும் உரிமை. அந்த உரிமை இருப்பதால்தான் இது விளையாட்டு.

இந்த வேடிக்கையைப் பரப்பியவர் என்று பொதுவாகச் சுட்டப்படுபவர் காசியஸ் கூலிட்ஜ் என்ற அமெரிக்க ஓவியர். 1844இல் பிறந்து 1934இல் மறைந்தவர். நாய்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து சீட்டாடும் ஓவிய வரிசை இவருடையதுதான். நாட்காட்டி அச்சிடும் நிறுவனத்துக்காக வரைந்து உலகெங்கும் பரவிய படங்கள். பெரிய மனிதத் தலையும் சிறிய கேலி உடலுமாகப் புகைப்படம் எடுக்கும் முறை ஒன்றுக்கு 1874இல் இவர் காப்புரிமை பெற்றார். பின்னர் ஐரோப்பிய, அமெரிக்கக் கடற்கரை உல்லாச நகரங்களில் ஆளுயரப் பலகைகள் வழக்கமாயின. ஒருவகையில், மனிதரைப் போல நாய்களைச் சீட்டாட்ட மேசையில் அமர்த்தியதும் வரைந்த உடல் மேல் மனிதத் தலையை வைத்ததும் ஒரே மனத்தின் வேலைகள் என்று கொள்ளலாம்.

ஆனால் சட்டத்துக்குள் புகுந்து வேறோர் உடல் பெறும் கலை நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பகுதியின் பொய்க்கால் குதிரை ஆட்டத்தை நினைத்துக்கொண்டால் போதும். குதிரையின் கூட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு, அதன் முதுகிலுள்ள திறப்பின் வழியே மேலுடல் தெரிய, மரக்கால்களின் மீது ஆடுவார்கள். அரசனாக ஒருவர், அரசியாக ஒருவர். இங்கும் பாதி உடல் செய்த உடல், பாதி உடல் பிறந்த உடல். ஆனாலும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பொய்க்கால் குதிரைக்காரர் தம் குதிரையை அறிவார். அதன் எடை அவர் இடுப்பில் இருக்கிறது. அது துள்ளுவது அவர் துள்ளுவதால். மாட்டிய உடலைத் தன்னுடையதாக்கிக்கொள்ள அவர் பல ஆண்டுகள் பயின்றிருக்கிறார். பலகைக்குப் பின்னால் நிற்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அசையாமல் நிற்பது ஒன்றே அவர் பணி.

தலை ஒன்று, உடல் வேறொன்று என்றானால் ஆள் யார்? இந்தக் கேள்வியை வேதாளம் விக்கிரமாதித்தனிடம் கேட்டது. பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்திலும் அக்கதை இருக்கிறது. தேவியின் கோயிலில் கணவனும் அவன் மைத்துனனும் அடுத்தடுத்துத் தம் தலைகளை வெட்டிக்கொள்கிறார்கள். உயிர்ப்பிக்கும் வரம் பெற்ற பெண் பதற்றத்தில் தலைகளை மாற்றிப் பொருத்திவிடுகிறாள். இப்போது அவளுக்குக் கணவன் யார்? மன்னன் தயங்காமல் விடை சொல்கிறான்: உறுப்புகளில் தலையே தலையாயது, கணவனின் தலை எவனிடம் உள்ளதோ அவனே கணவன். இக்கதையைத் தாமஸ் மன் 1940இல் ஒரு குறுநாவலாக எழுதினார். அதைத் தழுவி கிரீஷ் கர்னாட் 1971இல் ‘ஹயவதனா’ நாடகத்தைக் கன்னடத்தில் படைத்தார். இருவரும் மன்னனின் விடையோடு நின்றுவிடவில்லை. தலை வென்றது போல் தோன்றினாலும், உடலுக்கும் ஒரு நினைவு இருக்கிறது, அது எளிதில் பணிந்துவிடாது என்ற ஐயத்தை அவர்கள் எழுப்பினார்கள்.

பொருட்காட்சிப் பலகை மன்னனின் பக்கம் நிற்கிறது. படத்தைப் பார்க்கும் எவரும் ‘இது அரசன், ஆனால் எங்கள் அப்பாவின் முகம்’ என்று சொல்வதில்லை. ‘இது அப்பா, அரசனாக நிற்கிறார்’ என்றே சொல்கிறார்கள். தலை எங்கே இருக்கிறதோ ஆள் அங்கே இருக்கிறார். உடல் ஒரு சட்டை போல.

எங்கள் ஊரில் உடல் சட்டை போன்றதாக இருந்ததில்லை.

அப்பா ‘டாக்லிங்’ பிரிவில் இருந்தார். ஈரமான தோலைத் துளைகள் நிறைந்த உலோகச் சட்டத்தின் மேல் விரித்து, ஓரங்களைக் கவ்விகளால் பிடித்து, நாற்புறமும் இழுத்து மாட்டி உலரவிடும் வேலை. பள்ளி விடுமுறையில் சோற்றுத் தூக்கு கொண்டுபோகும்போது அந்தச் சட்டங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் ஓர் ஆடு விரிந்து கிடக்கும். முன்கால்களின் தடம், பின்கால்களின் தடம், கழுத்தின் நீட்சி, எல்லாம் தெளிவாகத் தெரியும். தங்கை ஒருமுறை, “தலை எங்க நைனா?” என்று கேட்டாள். “தலை கசாப்புக் கடையிலயே நின்னுடும்மா. இங்க வர்றது ஒடம்பு மட்டும்தான்” என்றார். அவர் அதை வேறெந்தப் பொருளும் வைத்துச் சொல்லவில்லை. அது தொழில் பற்றிய தகவல்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என நீளும் இந்தத் தோல் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாசனையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்பும் ஊனும் இரசாயனமும் கலந்த ஒன்று. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்களில் தங்கிவிடும். மாலைப் பேருந்தில் அப்பா ஏறி அமர்ந்தால், பக்கத்து இருக்கைக்காரர் சிறிது நேரத்தில் எழுந்து முன்னால் போய் நின்றுகொள்வார். வசைச்சொல் எதுவும் வராது. எழுந்து போவது மட்டும்தான். அப்பா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்போது அவர் முகத்தில் இருந்த பாவனைக்கும், அரசனின் கழுத்துக்கு மேல் இருந்த பாவனைக்கும் எங்களால் வேறுபாடு காண முடிந்ததில்லை. தனக்கு எந்த உடல் தரப்பட்டிருக்கிறது என்பதை எதிரே இருப்பவர்களின் முகத்திலிருந்து அறிந்துகொள்ளும் ஒருவரின் பாவனை அது. ஆனால் பேருந்தில் தலையை வெளியே இழுத்துக்கொள்ள வழி இல்லை.

முகத்திலிருந்து ஒரு வருணமும் பாதத்திலிருந்து ஒரு வருணமும் தோன்றின என்று சொல்லிய மிகப் பழைய வரைபடம் ஒன்று இந்நாட்டில் உண்டு. புருஷ சூக்தம் வரைந்த அந்தப் பேருருவில் யார் எந்த உறுப்பு என்பது முன்பே தீர்மானமாகிவிட்டது. அந்த உருவத்துக்குள்ளேயே இடம் பெறாதவர்களும் இருந்தார்கள். செத்த மாட்டின் தோலைத் தொடும் வேலை அவர்களுக்கு விடப்பட்டது. உலகத்தின் பாதங்களுக்குக் காலணி செய்து அனுப்பும் ஊர்களில் வாழ்கிற எங்களுக்கு இந்த உவமை புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதாக இருக்கவில்லை.

பிறர் வரைந்த படத்துக்குள் தலையைக் கட்டாயமாக நுழைக்கச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு வேலூரிலேயே ஒரு சான்று உண்டு. சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக்கின் காலத்தில் சிப்பாய்களுக்குப் புதிய உடை விதிகள் வந்தன. தாடியை மழிக்க வேண்டும், நெற்றிக் குறிகளும் காதணிகளும் கூடாது, தோலால் ஆன ஒரு சின்னம் பொருந்திய புதுவகைத் தலைப்பாகையை அணிய வேண்டும். அது பசுவின் தோலோ பன்றியின் தோலோ என்ற ஐயம் ஒருபுறம். ஐரோப்பியத் தொப்பியைப் போல இருக்கிறது, இதற்கு அடுத்தபடி மதமாற்றம்தான் என்ற அச்சம் மறுபுறம். 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் துப்பாக்கிகள் வெடித்தன. ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி விரைந்து வந்து அன்றே அதை அடக்கினார். நூற்றுக்கணக்கில் சிப்பாய்கள் மாண்டார்கள். அக்கிளர்ச்சிக்குத் திப்புவின் மக்கள் கோட்டையில் காவலில் இருந்தது உட்படப் பல காரணங்கள் உண்டு. தலைப்பாகை ஒன்றே காரணம் என்று சொல்வது வரலாற்றைச் சுருக்குவதாகும். ஆயினும் தலை யாருடையது, அதன்மேல் எதை வைப்பது என்று முடிவு செய்பவர் யார் என்ற கேள்வி அதில் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட வழிபாட்டுக்கு வருகிறோம். ஆம்பூருக்கு வடக்கே குடியாத்தத்தில் கவுண்டன்ய ஆற்றங்கரையில் கெங்கையம்மன் கோயில் உள்ளது. ஆண்டுதோறும் வைகாசி முதல் நாளன்று அங்கே சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் தலை, தலை மட்டும், ஊர்வலமாகப் புறப்படும். வண்ணம் தீட்டிய பெரிய சிரசு. புலியாட்டமும் சிலம்பமும் முன்னே செல்ல, வழியெங்கும் மாலைகள் விழ, தேங்காய்கள் உடைந்து தெருவே நனைந்துபோகும். கோபாலபுரத்திலுள்ள கோயிலை அடைந்ததும், அங்கே காத்திருக்கும் ஓர் உடலின் மேல் அந்தச் சிரசைப் பொருத்துவார்கள். பொருத்திய பின்னரே வழிபாடு. காத்திருக்கும் அந்த உடலுக்கு ஒரு பெயர் உண்டு. சண்டாளச்சி உடல்.

கதை எல்லோரும் அறிந்ததுதான். சமதக்கினி முனிவரின் ஆணைப்படி பரசுராமன் தாய் இரேணுகையின் தலையை வெட்டுகிறான். உடன் நின்ற ஒரு சேரிப் பெண்ணின் தலையும் வெட்டுண்டு விழுகிறது. தாயை உயிர்ப்பிக்கும் வரத்தைப் பெற்று ஓடி வருபவன் அவசரத்தில் தாயின் தலையை மற்றவளின் உடலில் வைத்துவிடுகிறான். அவள் எழுந்து நிற்கிறாள், அம்மன் ஆகிறாள். பிரெஞ்சுப் பயணி சொன்னெரா 1782இல் வெளியிட்ட தம் நூலில் இக்கதையைப் பதிவு செய்தார். அதைப் படித்த ஜெர்மானியக் கவிஞர் கெதே நெடுங்காலம் மனத்தில் சுமந்து, 1824இல் ‘பாரியா’ என்ற மூன்று பகுதிக் கவிதையாக வெளியிட்டார். எங்கள் பக்கத்துத் தெருக்களில் பாட்டிகள் சொல்லிக்கொண்டிருந்த கதை வைமார் நகரத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சிறுவயதில் அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறோம். ‘சண்டாளி’ என்பது எங்கள் தெருவில் வசைச்சொல். குழாயடிச் சண்டையில் கடைசியாக எடுக்கும் ஆயுதம். அதே சொல்லைத் தாங்கிய உடலின் காலடியில், ஆண்டில் ஒருநாள், எல்லாத் தெருக்காரர்களும் விழுந்து எழுகிறார்கள். தலை யாருடையது என்பதை வைத்துச் சமாதானம் சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. தலை முனிவர் மனைவியுடையதல்லவா, வணக்கம் அதற்குத்தான் என்பார்கள், விக்கிரமாதித்தனின் விடையேதான். ஆனால் வணங்குபவரின் நெற்றி தரையில் படும்போது அதற்கு அண்மையில் இருப்பது பாதம்.

இரவில் சிரசை உடலிலிருந்து எடுத்துவிடுவார்கள். மீண்டும் ஊர்வலம், ஆற்றங்கரைச் சலவைத்துறை, வாண வேடிக்கை. தலை தன் வழியே போய்விடும். இதை நாங்கள் மூவரும் மூன்று விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். ஒரு நாள் மட்டும் ஒட்டவைத்துவிட்டு மறுநாள் பிரித்துவிடும் ஏற்பாடு இது, ஊர் தன் மனச்சாட்சிக்குச் செய்துகொள்ளும் சிக்கனமான செலவு என்பான் அண்ணன். பிரிப்பதால்தான் அடுத்த ஆண்டு மறுபடி பொருத்த வேண்டியிருக்கிறது, ஒருமுறை ஒட்டி மறந்துபோவதைவிட ஆண்டுதோறும் நினைவூட்டப்படுவது மேல் என்பாள் தங்கை. தம்பி, தலை போனபின் அந்த உடல் என்ன செய்கிறது என்று கேட்பான். அக்கேள்விக்கு மற்ற இருவரிடமும் விடை இருந்ததில்லை.

2012ஆம் ஆண்டு அப்பா இறந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு முன் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. தேடியபோது கிடைத்தவை மூன்று: குடும்ப அட்டையில் இருந்த அஞ்சல்தலை அளவுப் படம், தொழிற்சாலை அடையாள அட்டைப் படம், வேலூர்ப் பொருட்காட்சி அரசன். அடையாள அட்டையோடு கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். அம்மாவும் உடன் வந்தாள். அங்கிருந்த இளைஞர் அட்டையை ஸ்கேன் செய்து தலையை மட்டும் வெட்டி எடுத்தார். பிறகு கணினியில் ஓர் உறையைத் திறந்தார். திரை நிறைய உடல்கள். கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்தவை, வெள்ளைச் சட்டை, பட்டுச் சட்டை, சால்வை போர்த்தியவை, சபாரி. பெண்களுக்குப் பட்டுப்புடவைகள். வரிசை வரிசையாக, ஒன்றுக்கும் தலை இல்லை.

கணினி வருமுன்னரே தூரிகையாலும் மையாலும் இவ்வேலையை ஸ்டுடியோக்காரர்கள் செய்துவந்தார்கள். தமிழ் வீடுகளின் சுவர்களில் மாலையோடு தொங்கும் முன்னோர்களில் எத்தனையோ பேர், வாழ்நாளில் ஒருமுறையும் அணிந்திராத உடைகளில் இருக்கிறார்கள். அவையும் முகத்துக்கு ஓட்டை விட்ட பலகைகள்தாம். பின்னால் நிற்பவர் மட்டும் இல்லை.

“கோட்டு போடலாமாம்மா, வெள்ளச் சட்டையா?” என்று கேட்டார் அவர்.

தங்கை வெள்ளைச் சட்டை என்றாள். அப்பா தீபாவளிக்கு அணிவது அதுதான். கோட்டு போட்டால் அது அப்பாவாக இராது, யாரோ வங்கி மேலாளர் போல இருக்கும் என்றாள். அண்ணனுக்கும் அதே எண்ணம். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “கோட்டே போடச் சொல்லு. அந்த ஒடம்பு பட்டதெல்லாம் போதும்.”

“அது நைனா மாரியே இருக்காதும்மா” என்றாள் தங்கை.

“தல அவருதுதானே?”

வேதாளத்துக்கு மன்னன் சொன்ன விடையை, அக்கதையைக் கேட்டோ படித்தோ அறியாத அம்மா சொல்லிவிட்டாள். ஆனால் மன்னன் சொன்னது வழக்கைத் தீர்ப்பதற்காக. அம்மா சொன்னதில் வேறொன்று இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த உடலின் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள் அவள். வலத்தோள் இடத்தோளைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்ததும், விரல் இடுக்குகளில் தோல் வெடித்திருந்ததும் அவளுக்குத்தான் தெரியும். அந்த உடலை அவள் இழிவென்று ஒதுக்கவில்லை. அதற்கு விடுப்புக் கொடுத்தாள்.

தலையைக் கோட்டின் மேல் வைத்தார் இளைஞர். இரண்டு தோள்களும் ஒரே மட்டத்தில் இருந்தன. கழுத்து வெளுப்பாகவும் முகம் கறுப்பாகவும் இருந்ததால், காலருக்குச் சற்று மேலே ஒரு கோடு போல இணைப்புத் தெரிந்தது. “மொகத்துக்குக் கொஞ்சம் கலர் ஏத்திட்டா சரியாப் பூடும்மா” என்றார். எல்லோரும் செய்துகொள்வதுதான், கூடுதல் காசு இல்லை என்றும் சொன்னார்.

“மொகத்தத் தொடாத தம்பி” என்றாள் அம்மா.

கழுத்தைக் கறுப்பாக்கவாவது செய்யலாமே என்று அண்ணன் கேட்டான். அதுவும் வேண்டாம் என்றுவிட்டாள். யாரோ ஒருவருடைய கழுத்து, அதை ஏன் கறுப்பாக்க வேண்டும் என்பது அவள் வாதம்.

அந்தப் படம் இன்று முன்னறையில் தொங்குகிறது. பக்கத்தில், அம்மாவின் விருப்பப்படி, பொருட்காட்சி அரசனும் சிறிய சட்டத்தில் இருக்கிறார். முதன்முறை வீட்டுக்கு வருபவர்கள் அரசனைப் பார்த்துச் சிரிப்பார்கள், கோட்டுக்காரரைப் பார்த்து, “அப்பா என்ன உத்தியோகத்துல இருந்தாரு?” என்று கேட்பார்கள். “டேனரியில” என்று அம்மா சொல்வாள். கேட்டவரின் கண்கள் மறுபடியும் படத்துக்குப் போகும், காலருக்கு மேலே உள்ள கோட்டில் நிற்கும். அந்த இடைவெளியை அம்மா எதுவும் சொல்லி நிரப்புவதில்லை. காப்பி போட உள்ளே போய்விடுவாள்.

சென்ற கோடையில் தங்கையின் மகள், ஐந்து வயது, அந்தப் படத்துக்குக் கீழே நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஆயா, இது யாரு?” என்றாள்.

“உன் தாத்தா” என்றாள் அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே. “கழுத்துக்கு மேல.”